நடாத உள்ளி

அத்தியாயம் 7

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினையே அதுதான். அந்தத் தண்ணீர் ஓடக்கூடாது.

ஒக்டோபர் கடைசி. கனடாவில், ரூஜ் ஆறு தாண்டி, அஜக்ஸ் ஊருக்கு வடக்கே, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் தெருவில் இராஜரட்ணத்தின் காணி கிடந்தது. முன்பாதியில் ஒரு மரக்கறித் தோட்டம். பின்பாதியில் சதுப்பு. சம்புப் புல்லுக்கு நடுவே இடுப்பளவு கறுப்புத் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது சேறு மினுங்கியது.

வேரோனிக்கா சப்பாத்து நுனியால் அந்தச் சேற்றை அழுத்திப் பார்த்தாள். ஐம்பதை நெருங்கும் துப்பறிவாளர். காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்காகப் பொய்க் கழுத்து வலிக்காரர்களைத் துரத்திப் பிடித்து அலுத்துப்போய், ஸ்காபரோவில் சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் போட்டவள். சிரிப்பது குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் உதவியாளன் கிளிபோட்டை வைத்திருக்கிறாள் என்று ஊரில் ஒரு கதை. அவன் முன்பு விபத்துக் கார்களை இழுக்கும் ட்றக் ஓட்டியவன்.

"அண்ணை, சுருக்கமாச் சொல்லுங்கோ," என்றாள்.

இராஜரட்ணம் அறுபது வயது, கலியாண மண்டபம் நடத்துபவர். நீளமான கறுப்புக் கோட். கையில் கறுப்புத் தோல் கையுறை.

"தங்கச்சி, உந்தச் சதுப்புக்கு நான் காணி வரி கட்டுறேல்லை. இயற்கையைக் காப்பாத்திற காணி எண்டு விலக்குத் தந்திருக்கினம். இப்ப ஆரோ கரையை வெட்டித் தண்ணியை இறக்குறான். நான்தான் இறக்கினனான் எண்டு அரசாங்கம் நினைச்சால் விலக்குப் போச்சு. வழக்கும் வரும்."

"நினைக்கிறதுக்கு ஆர் வருகினம்?"

"இண்டைக்கு மத்தியானம் அதிகாரி வாறா. ஆமைக்காக ஆரோ ரெலிபோன் எடுத்திருக்கினம்."

"ஆமை சொல்லித்தான் எடுத்ததோ அங்கிள்?" என்றான் கிளிபோட்.

இராஜரட்ணம் அவனைப் பார்க்கவில்லை. "மஞ்சள் தொண்டை ஆமை. அருமையான சாதியாம், கொஞ்சந்தான் மிச்சமாம். குளிர் முடியுமட்டும் அடிச்சேத்துக்குள்ளை படுத்திருக்கும். மேலை தண்ணி நிண்டால்தான் தப்பும். இப்ப வத்தினால் எல்லாம் விறைச்சுச் சாகும். ஆமை செத்தால் என்ரை தலையிலைதான் விடியும்."

"முன்பக்கத் தோட்டத்துக்கும் வரி இல்லையோ?"

"அதுக்குக் கால்வாசி. ஆராவது பதிஞ்ச விவசாயி அதிலை பயிர் செய்து விக்கோணும். அப்பதான் கால்வரி. சும்மா புல்லும் குருவியுமா விட்டால் முழுவரி."

கிளிபோட் தலையைச் சொறிந்தான். "அப்ப, உழுதால் கால்வரி. சதுப்பெண்டு வரைபடத்திலை கிடந்தால் வரியே இல்லை. உழாமல், சதுப்பும் இல்லாமல் ஒருத்தன் தன்ரை பாட்டிலை குருவிக்குப் புல்லு வளத்தால் அவனுக்கு முழுத் தண்டனை. நல்ல சட்டம் அங்கிள். எங்கடை அப்பாட்மென்ற் பல்கனியிலை ஒரு ஆமையை விட்டால் ஏதும் குறைப்பினமோ?"

"கிளிபோட்," என்றாள் வேரோனிக்கா. அவன் வாயை மூடினான். அதிக நேரத்துக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் சோளம் காய்ந்து நின்றது. தெருவெல்லாம் அறுவடை முடிந்துவிட்டது. இதை மட்டும் யாரும் தொடவில்லை.

"பக்கத்துக் காணி ஆற்றை?"

"ஒரு கொம்பனியின்ரை. வீடு கட்டுறதுக்கு வாங்கிப் போட்டிருக்கினம். அனுமதி கிடைக்குமட்டும் ஆரையோ பிடிச்சுச் சோளம் போடுவிக்கினம்."

"உது சோளமில்லை அக்கா," என்றான் கிளிபோட். "வரி மழைக்குப் பிடிச்ச குடை."

"தண்ணி அவையின்ரை பக்கந்தானே ஓடுது. அவை வெட்டியிருக்கலாம்தானே?" என்றாள் வேரோனிக்கா.

"சீச்சீ. பெரிய கொம்பனி. அவைக்கென்ன விசரோ?" பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது. பிறகு இராஜரட்ணம் குரலைத் தணித்தார். "நான் ஒருத்தரிலையும் பழி போடேல்லைத் தங்கச்சி. ஆனால் முன்னாலை மாக்கஸ் எண்டு ஒருத்தன் தோட்டம் செய்யிறான். இஞ்சை நிக்கிறது அவன் ஒருத்தன்தான். நான் கோப்பி குடிச்சிட்டு வாறன். அதிகாரி வாறதுக்கு முதல் எனக்கு ஒரு பெயர் வேணும். உங்கடை கையெழுத்தோடை."

அவருடைய கார் ஒழுங்கையில் புழுதி கிளப்பிப் போனது.

"வெயில் அடிக்குது, மனுசன் கையுறை போட்டிருக்கிறார்," என்றான் கிளிபோட். "பணக்காரருக்குக் குளிர் முந்தி வருமாக்கும்."

---

சதுப்பின் எல்லையில் பழைய ட்ராக்டர் பாதை ஒன்று மேடாக ஓடியது. அந்த மேடுதான் தண்ணீரை மறித்துவைத்திருந்த கரை. சம்புப் புல் மறைத்த ஓரிடத்தில் கரை வெட்டப்பட்டிருந்தது. ஒரு ஆள் கால் அகட்டி நிற்கக்கூடிய அகலம். தண்ணீர் அதனூடாகச் சோளக்காட்டுப் பக்கத்து வடிகானுக்குள் இறங்கியது.

"கொம்பனிக்காரர்தான்," என்றான் கிளிபோட். "அவையின்ரை கானுக்குள்ளை ஓடுது. கேஸ் முடிஞ்சுது. மத்தியானம் எங்கை சாப்பிடுவம்?"

"கொம்பனி எண்டால் மெஷின் கொண்டு வருவினம். மெஷின்ரை தடம் எங்கை?"

தடம் இல்லை.

"சரி, ஒருத்தனை மண் அள்ளுற சவளோடை அனுப்பியிருப்பினம்."

வேரோனிக்கா கரையில் குந்தினாள். "சவளாலை எப்பிடி வெட்டுவாய்?"

கிளிபோட் காற்றில் ஒரு சவளைப் பிடித்தான். காலால் மிதித்தான். மண்ணை முன்னால் எறிந்தான்.

"சரி. அப்பிடி வெட்டினால் சுவர் நேரா இறங்கும். இதைப் பார்."

வெட்டின் சுவர் வளைந்து, கிண்ணத்தின் உட்பக்கம் போல இருந்தது. இரும்பு மேலிருந்து கொத்தி, கீழே வந்து, உள்நோக்கி இழுபட்ட தடம். ஒன்றன்மேல் ஒன்றாக அதே வளைவு.

"மேலை இருந்து கொத்தித் தன்ரை பக்கம் இழுத்திருக்கிறான். இந்த நாட்டுக்காரன் மண்ணைத் தள்ளுவான். எங்கடை ஆள் இழுப்பான்."

"மண்வெட்டி!" என்றான் கிளிபோட். பிறகு முகத்தைச் சுருக்கினான். "கனடாவிலை மண்வெட்டி எங்காலை?"

"ஊரிலை இருந்து சூட்கேசுக்குள்ளை வந்திருக்கும்."

"என்ரை மாமியின்ரை கறிவேப்பிலையை எயார்போட்டிலை பறிச்சவங்கள். மண்வெட்டியை விட்டிருக்கிறாங்கள்."

வேரோனிக்கா எழுந்தாள். வெட்டியவன் தமிழன். இந்தக் காணியில் நிற்கும் ஒரே தமிழன் தோட்டத்தில் இருந்தான். இது கொஞ்சம் அதிகமாகவே நேராகப் பொருந்தியது. ஆனாலும் நடந்தாள்.

---

மாக்கஸ் உறைபனியில் கருகிய மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். கம்பளித் தொப்பி. கத்தரி, மிளகாய், புடோல் என்று தமிழ்க் கடைகளுக்குப் போடுபவர். பின்னால் பலகைக் கொட்டில். கதவோரம் ஒரு மண்வெட்டி சாய்ந்து நின்றது. இரும்பு ஊர் இரும்பு. பிடி ஒரு ஹொக்கித் தடி.

"இரட்டைக் குடியுரிமை," என்றான் கிளிபோட் மெதுவாக.

வேரோனிக்கா மண்வெட்டியின் இரும்பு இலையைத் தொட்டாள். தோட்டத்து மண் பழுப்பு. இலையில் ஒட்டியிருந்தது கறுப்புச் சேறு. காயவில்லை.

"மாக்கஸ் அண்ணை, இது உங்கடையோ?"

"ஓம்."

"சதுப்புச் சேறு ஏன் இதிலை?"

"மண்வெட்டி எண்டால் சேறு இருக்கும்." அவர் நிமிரவில்லை. இன்னொரு செடி வந்தது. வேரை உதறினார்.

"இராஜரட்ணம் அண்ணை எங்களைக் கூப்பிட்டவர். தண்ணியை இறக்கினது ஆரெண்டு பெயர் கேக்கிறார். அதிகாரி வந்தால் அந்தப் பெயரைக் குடுப்பார். பெயருக்குரிய ஆள் கோட்டுக்குப் போவார். பிறகு இந்தப் பக்கத்திலை ஒருத்தரும் அவருக்குக் காணி குத்தகைக்குக் குடுக்க மாட்டினம். விளங்குதோ?"

"விளங்குது."

"சொல்ல ஒண்டும் இல்லையோ?"

இப்போது மாக்கஸ் நிமிர்ந்தார். கையில் கருகிய செடி. கண்ணில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. நெடுநாள் தூங்காதவனின் கண்.

"என்ரை பெயரைத்தானே கேட்டவர்? எழுதுங்கோ."

திரும்பவும் குனிந்தார்.

கிளிபோட் வேரோனிக்காவின் காதுக்குக் கிட்ட வந்தான். "அக்கா, ஒப்புக்கொண்டிட்டார்."

"இல்லை. களைச்சுப்போய் விட்டிட்டார். ரெண்டும் ஒண்டில்லை."

அவளுடைய போன் அடித்தது. இராஜரட்ணம்.

"தங்கச்சி, பாத்தனீங்களோ? மாக்கஸ்தானே?"

"இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன் அண்ணை."

"மண்வெட்டி ஒண்டு வைச்சிருக்கிறான். அதையும் ஒருக்காப் பாருங்கோ. அதிகாரி வெளிக்கிட்டிட்டா. கெதியா எழுதுங்கோ."

போனைப் பையில் போட்டாள். வாடிக்கையாளர் பெயர் கேட்பது வழக்கம். பெயரையும் அவரே சொல்லி, ஆயுதத்தையும் அவரே காட்டி, கையெழுத்தை மட்டும் கேட்பது வழக்கமில்லை.

"வா, வெட்டின இடத்துக்குத் திருப்பிப் போவம்."

"அக்கா, நேரமில்லை."

"அதாலைதான் கெதியா நடக்கச் சொல்லுறன்."

---

தண்ணீர் முன்னைவிட வேகமாக இறங்கியது. சேற்று நடுவில் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு ஆமை ஓடு தெரிந்தது. அசையவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை.

வேரோனிக்கா கரையில் அங்குமிங்கும் பார்த்தாள். "கிளிபோட், வெட்டின மண் எங்கை?"

"மண்ணோ?"

"இவ்வளவு அகலத்துக்கு வெட்டினால் ஒரு குவியல் வரோணும்."

தேடினார்கள். குவியல் கரையில் இல்லை. கானின் அந்தப் பக்கத்தில், சோளத்துக்குள் சிதறிக் கிடந்தது. வீசி எறிந்திருந்தார்கள்.

வேரோனிக்கா மன்னாரில் அடம்பன் பக்கத்து வயல்காரரின் மகள். அதைப்பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் வாய்க்காலை வெட்டித் திறந்தும் மூடியும் வயலுக்குத் தண்ணீர் மாறுவதைப் பார்த்தவளுக்கு ஒரு விஷயம் மறக்காது.

"தண்ணி மாறத் தெரிஞ்சவன் வாய்க்காலைத் திறந்தால் வெட்டின மண்ணைக் காலடியிலை வைப்பான். ஏன் சொல்லு."

"எறிய அலுப்பு?"

"மூடுறதுக்கு. அதே மண்ணை இழுத்துத்தான் திரும்ப அடைக்கோணும். மண்ணை எறிஞ்சவன் மூடுற எண்ணத்தோடை திறக்கேல்லை." அவள் கையை நீட்டி வெட்டின் அடியில் விட்டாள். குளிர் எலும்பைக் கடித்தது. விரலில் தட்டியதைப் பிடுங்கி வெளியே எடுத்தாள். புல்லோடு சேர்த்து வெட்டிய மண்கட்டி. அதில் வைக்கோல் ஒட்டியிருந்தது. சுவரின் இரண்டு பக்கமும் அதே மாதிரி உடைந்த கட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாய். சில பழையவை. குதியால் மிதித்து இறுக்கிய தடம் இன்னும் இருந்தது.

"இது மூடின மண். ஒரு தரம் இல்லை. திரும்பத் திரும்ப மூடியிருக்கு. பக்கத்திலை மண் இல்லாதபடியால் தோட்டத்திலை இருந்து கொண்டுவந்து மூடியிருக்கு. வைக்கோல் எங்கை போட்டிருக்கு?"

கிளிபோட் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். மாக்கஸின் பாத்திகளின் தலைமாட்டில் வைக்கோல் கட்டுகள்.

"அப்ப ஒருத்தன் வெட்டுறான்," என்றான் நிதானமாக. "மாக்கஸ் அண்ணை மூடுறார். அவன் திருப்பி வெட்டுறான். இவர் திருப்பி மூடுறார்."

"ஒரே மண்வெட்டியாலை."

"பகல் ஷிஃப்ற், இரவு ஷிஃப்ற்." பிறகு பகிடி அவனுக்கே சரிவரவில்லை. "அந்த மனுசன் ஏன் அக்கா வாயைத் திறக்கேல்லை?"

அவள் ஏற்கெனவே கொட்டிலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

---

கொட்டில் கதவைத் திறந்ததும் வெள்ளைப்பூண்டு மணம் முகத்தில் அடித்தது. உள்ளி. சுவரோரம் சாக்குகள். பல்லுப் பல்லாக உடைத்து வைத்த, தடித்த விதை உள்ளி. மேற்சாக்கில் சில பற்கள் பச்சை முளை விட்டிருந்தன.

வேரோனிக்கா ஒரு கை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தோட்டத்தின் மேட்டுப்பக்கத்தைப் பார்த்தாள். நீளமான பாத்திகள் கொத்தி, சமன் செய்து, வரிசை கீறி வைத்திருந்தன. வெறுமையாக.

"கிளிபோட், உள்ளி எப்ப நடுறது?"

"நான் அது சுப்பர்மார்க்கெட்டிலை விளையிறது எண்டெல்லோ நினைச்சனான்."

"இந்த நாட்டிலை ஒக்டோபரிலை நடோணும். நிலம் விறைக்க முதல். ஸ்நோவுக்குக் கீழை கிடந்து, வெயில் வர முளைச்சு, யூலையிலை கிண்டுறது." அவள் மாக்கஸின் முன்னால் போய் நின்றாள். "அண்ணை, பாத்தி கட்டியிருக்கிறியள். வைக்கோல் இருக்கு. விதை முளைக்கத் தொடங்கியிட்டுது. நிலம் விறைக்கப் போகுது. ஏன் நடேல்லை?"

மாக்கஸின் கை நின்றது. மண்வெட்டியைக் கேட்டபோது நிற்காத கை. சேற்றைக் கேட்டபோது, கோட்டைச் சொன்னபோது நிற்காத கை. உள்ளியைக் கேட்டதும் நின்றது.

"நட்டால் யூலையிலை கிண்டோணும்."

"ஓம்."

"யூலையிலை நான் இஞ்சை இல்லை."

"ஆர் சொன்னது?"

அவர் ஒழுங்கையைப் பார்த்தார். கறுப்புக் கார் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

வேரோனிக்கா உள்ளிப் பற்களைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். "மாக்கஸ் அண்ணை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு வாங்கோ. நான் கேக்கிற வரைக்கும் ஒண்டும் கதைக்க வேண்டாம். உங்களுக்கு அது கஷ்டமில்லை."

---

இராஜரட்ணம் வெட்டின் அருகே நின்றார். வெட்டைப் பார்க்கவில்லை. மாக்கஸின் தோளிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"பிடிச்சிட்டியள்."

"ஓம் அண்ணை. நல்ல செய்தி." வேரோனிக்கா சோளக்காட்டைக் காட்டினாள். "அவைதான். தண்ணி அவையின்ரை கானுக்குள்ளை விழுது. வெட்டின மண் அவையின்ரை சோளத்துக்குள்ளை கிடக்கு. படம் எடுத்தாச்சு. கொம்பனி வெட்டினது எண்டு எழுதி, இப்பவே கையெழுத்து வைக்கிறன். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. விலக்கும் போகாது. கரையை அவையைக் கொண்டே கட்டுவிக்கலாம்."

கிளிபோட் அவளைத் திரும்பிப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

தன் சதுப்பு காப்பாற்றப்பட்ட மனிதன் சிரித்திருக்க வேண்டும். இராஜரட்ணத்தின் முகம் வெளிறியது.

"இல்லை இல்லை. கொம்பனி வேண்டாம்."

"ஏன் அண்ணை? வசதியான ஆக்கள். கட்டித் தருவினம்."

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. மாக்கஸ் எண்டு எழுதுங்கோ. மண்வெட்டி அவன்ரை கையிலையே இருக்கு!"

"கொம்பனியின்ரை பெயர் வந்தால் என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது. எனக்கு... அவையோடை சண்டை வேண்டாம்."

"சண்டையில்லை அண்ணை. வியாபாரம்." வேரோனிக்காவின் குரல் உயரவில்லை. "அவைக்குத்தானே காணியை விக்கப் போறியள்?"

காற்றில் சோளத் தாள்கள் உரசின. 

"ஆர் சொன்னது?" என்றார் இராஜரட்ணம் கடைசியில்.

அவள் கோட்டுப் பையிலிருந்து உள்ளிப் பற்களை எடுத்து உள்ளங்கையில் விரித்தாள். "இது சொன்னது. ஒக்டோபர் முடியப் போகுது, ஒரு விவசாயி விதை உள்ளியைச் சாக்கிலை வைச்சிருக்கிறார். நடாதை எண்டு சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான். காணிக்காரர்."

"அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? சதுப்பு வத்தினால் நட்டம் எனக்கெல்லோ! வரி கட்டப் போறது நானெல்லோ!"

"அதைத்தான் நானும் காலமை முழுக்க நினைச்சனான். விலக்குப் போனால் காணிக்காரனுக்கு நட்டம், அதாலை காணிக்காரன் செய்திருக்க மாட்டான். ஆனால் அது காணியை வைச்சிருக்கிறவனுக்கு. விக்கிறவனுக்கு என்ன வரி? சதுப்பு இருக்கிற காணியிலை வீடு கட்ட ஏலாது. அதை ஒருத்தரும் வாங்க மாட்டினம். வத்தின காணியை வாங்குவினம். ஆனால் நீங்கள் வத்த வைச்சதெண்டால் வழக்கு. குத்தகைக்காரன் வத்த வைச்சதெண்டால் நீங்கள் பாவம். வரைபடத்தை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். அதுக்குத்தான் என்ரை கையெழுத்து."

"கதை நல்லாயிருக்கு," என்றார் இராஜரட்ணம்.  "மண்வெட்டி அவன்ரை. கொட்டில் பூட்டுப் போட்டது."

"பூட்டின்ரை திறப்பு எத்தினை பேரிட்டை இருக்கு மாக்கஸ் அண்ணை?"

"என்னட்டை ஒண்டு," என்றார் மாக்கஸ். முதல்முறையாகக் காணிக்காரரை நேரே பார்த்தார். "இவரிட்டை ஒண்டு. நான் மண்வெட்டியைத் துடைச்சுத்தான் வைக்கிறனான். விடிய வந்தால் சேறாக் கிடக்கும். முதல் நாளே விளங்கியிட்டுது. நான் மூடுவன். இவர் திறப்பார். நான் இவருக்கு எதிராச் சொன்னால் அண்டைக்கே வெளியிலை. எழுத்திலை எனக்கு ஒண்டும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. போன வருசம் புல்லு விட்டிருந்த துண்டிலை குருவி கூடு கட்டியிருந்தது. முழுவரி வரும், உழு எண்டார். உழுதன். சொன்னதெல்லாம் செய்தன்."

"அதிகாரிக்கு ரெலிபோன் எடுத்தது?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

"நான்தான்."

"ஆமையிலை அவ்வளவு பாசமோ அண்ணை?" என்றான் கிளிபோட்.

"பாசமோ? இந்தத் தண்ணியை நம்பித்தான் என்ரை பம்ப். மிளகாய் சாகுது எண்டால் ஆர் வருவினம்? ஆமை எண்டால்தான் வருவினம்."

ஒழுங்கையில் வெள்ளை ட்றக் ஒன்று திரும்பியது. கதவில் அரசாங்க இலச்சினை.

இராஜரட்ணம் வேரோனிக்காவுக்குக் கிட்ட வந்தார். "உங்களைக் கூப்பிட்டது நான்."

"ஓம். தண்ணியை இறக்கினது ஆரெண்டு கேட்டுக் கூப்பிட்டியள். கண்டுபிடிச்சிட்டன்."

---

அதிகாரி இளம் பெண். முழங்கால்வரை சப்பாத்து. கழுத்தில் கமரா. வெட்டைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் குந்திவிட்டாள். வேரோனிக்கா தான் பார்த்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். எறிந்த மண், வைக்கோல் ஒட்டிய மண், இரண்டு திறப்பு, நடாத உள்ளி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதிகாரி இராஜரட்ணத்தைப் பார்த்தாள். அவர் தன் வழக்கறிஞரோடுதான் பேசுவேன் என்றார். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கினாள். நிரூபிக்க முடியுமா என்று அவளுடைய முகத்திலும் ஒரு சந்தேகம் இருந்தது.

மாக்கஸ் யாரையும் கேட்கவில்லை. வைக்கோலும் புல்லுமாய் மண்கட்டிகளை இழுத்து வெட்டுக்குள் போட்டார். குதியால் மிதித்தார். ஹொக்கித் தடி ஏறி இறங்கியது. தண்ணீரின் சத்தம் மெலிந்தது. பிறகு நின்றது. சேற்றில் கிடந்த ஓடு அரை அடி நகர்ந்து, தண்ணீர் இருந்த பக்கம் போனது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் காணிக்காரரிடம் வந்தார்.

"நான் இண்டைக்கே போறன்."

"போ," என்றார் இராஜரட்ணம்.

"போனால் என்ரை விவசாயப் பதிவும் என்னோடை வரும். பிறகு உந்தத் தோட்டம் வெறுங்காணி. முழுவரி."

இராஜரட்ணம் சோளக்காட்டைப் பார்த்தார். வேரோனிக்காவும் பார்த்தாள்.

"அவை இனி வாங்க மாட்டினம் அண்ணை," என்றாள். "அதிகாரி கோப்பைத் திறந்திட்டா. வழக்குள்ள சதுப்பை எந்தக் கொம்பனியும் தொடாது. விக்க ஏலாது. சதுப்புக்கு விலக்கும் போகலாம். மிஞ்சிறது கால்வரித் தோட்டம் ஒண்டுதான். அதுக்கு ஒரு விவசாயி வேணும். இண்டைக்கு உங்களுக்கு ஆமையை விட மாக்கஸ் அண்ணைதான் அருமையான சாதி."

இராஜரட்ணத்தின் தாடை அசைந்தது. கணக்குப் போடும் மனிதர். கணக்கு வேறு விடை தரவில்லை.

"நடு," என்றார்.

"என்ன?"

"உள்ளியை நடு எண்டு சொல்லுறன்."

மாக்கஸ் நகரவில்லை. "எழுதித் தாங்கோ. அஞ்சு வருசத்துக்கு. வாய்ப்பேச்சு வேண்டாம்."

"இஞ்சை வைச்சோ? பேப்பருக்கு எங்கை போறது?"

கிளிபோட் காற்சட்டைப் பையிலிருந்து கசங்கிய பார்க்கிங் அபராத ரிக்கெற் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினான். "இது வெள்ளைதான் அங்கிள். முன்பக்கம் என்ரை பாவம். அதைப் பாக்காதேங்கோ." பேனையையும் கொடுத்தான்.

இராஜரட்ணம் காரின் முன்மூடியில் கடதாசியை வைத்தார். தோல் கையுறைக்குள் பேனை வழுக்கியது. ஒரு எழுத்து கிறுக்கலாய்ப் போனது. மறுபடி பிடித்தார். பேனை நழுவிப் புல்லில் விழுந்தது.

"சீ!" என்றார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, குனிந்து, பேனையை எடுத்தார்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். விரல்களின் அடியில் வரிசையாக. சில உடைந்து சிவந்திருந்தன. முப்பது வருடம் மண்வெட்டி பிடிக்காத கை.

அவர் முதல் வரியை எழுதத் தொடங்கினார். எல்லோரும் தன் கையைப் பார்ப்பதை அவர் கவனிக்கவில்லை. கரையில் குந்தியிருந்த அதிகாரி எழுந்து, மெதுவாக நடந்து காருக்குக் கிட்ட வந்தாள்.

கமரா ஒருமுறை சொடுக்கியது.